சான்றோரும் கள்ளும்: புறநானூற்றுச் சான்றுகளைப் பகுத்து நோக்கும் முறை

முன்னுரை

ஒரு சமுதாயத்தின் உணவையும் உடையையும் ஆராய்வோர் அதன் குடியையும் ஆராய்தல் இயல்பே. அவ்வாராய்ச்சி உழவரையும் பரதவரையும் மறவரையும் பற்றியதாக இருக்கும்வரை எவரும் மறுப்புரைப்பதில்லை. ஆராயப்படுவோர் கற்றறிந்தாராக இருப்பின் அங்கே தயக்கம் பிறக்கின்றது. ஏனெனின், ஆராய்வாரும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. தம் முன்னோரைத் தாமே அளக்க நேரும்போது துலாக்கோல் ஒருபுறம் சாய்தல் எளிது. சங்கப் புலவர்க்கும் கள்ளுக்கும் இருந்த தொடர்பைப் பற்றி இதுகாறும் கூறப்பட்டவற்றை நோக்கின், அச்சாய்வு ஒரு திசையில் மட்டுமன்றி இரு திசையிலும் நிகழ்ந்திருத்தல் புலனாகும்.

'புலவர் கள்ளுண்டனரா, உண்டிலரா?' என்பதே வழக்கமாக எழுப்பப்படும் வினா. இவ்வினா பிழையுடைத்து என்பது நம் கருத்து. உண்டனர் என்று விடை வரின் ஒருசாரார் நாணுவர்; மற்றொரு சாரார் மகிழ்வர். இருவர்க்கும் அதற்குமேல் அறிதற்கு ஒன்றும் எஞ்சாது. 'கள் என்னும் பொருள் புலவர் கூட்டத்தில் எவ்வுறவைக் குறித்து நின்றது? அதனைப் பாடலில் கூறுவோர் யார்?' என்று வினவினால்தான் சமுதாய ஆராய்ச்சி தொடங்கும். இக்கட்டுரையில் புறநானூற்றைத் தலைமைச் சான்றாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்வோம். 1894 ஆம் ஆண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்த அந்நூலில், முதல் 266 பாடல்களுக்குப் பழையவுரை கிடைத்திருத்தலும், பாடினோர் பெயரும் திணை துறைகளும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருத்தலும் இவ்வாராய்ச்சிக்குத் துணையாவன.

இருவகைக் கொள்கைகள்

முதற் கொள்கையினர் புலவரைக் காக்க முற்படுபவர். சங்க காலக் கள் மயக்கம் தராத இன்சாறு என்பது அவர் கூறும் முதல் அமைதி. கள்ளுண்டதாகக் கூறுவோர் பாணரும் பொருநருமே, புலவரல்லர் என்பது இரண்டாவது. கபிலர் போன்ற அந்தணர் கள்ளைத் தீண்டியிரார் என்பது மூன்றாவது. இக்கொள்கை எழுந்த காலத்தையும் நாம் மறத்தலாகாது. 1937 இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியது. 1948 இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. சங்க நூல்கள் ஒவ்வொன்றாக அச்சேறிக் கல்லூரிகளில் பாடமாக அமைந்த காலமும் அதுவே. மதுவிலக்கை அறமாகப் போற்றிய வகுப்பறையில் ஔவையாரின் கையறுநிலைப் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு நேர்ந்த இடர்ப்பாட்டை நாம் உணரலாம். ஆயினும் இடர்ப்பாடு உரையாகிவிடாது.

இரண்டாம் கொள்கையினர் ஒப்பியல் நோக்கினர். 1912 இல் சாட்விக் வகுத்துக்காட்டிய வீரயுகக் கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தியவருள் தலைசிறந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1968 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல், சங்கப் பாடல்களை வாய்மொழி மரபில் வைத்து நோக்கியது. தலைவன் கூடத்தில் மறவரும் பாடுநரும் உடனிருந்து குடித்தல் வீரயுகச் சமுதாயங்கள் பலவற்றிற்கும் பொது. வேல்சு மொழியின் பழம்பாடலாகிய கொடோடினில், கத்திரேத்துப் போருக்குச் சென்ற வீரர் ஓராண்டுக்காலம் தம் தலைவனுடைய தேன்மதுவை உண்டு பின்னர் அதற்கு விலையாகத் தம் உயிரைக் கொடுத்தனர் என்னும் கருத்து மீண்டும் மீண்டும் வருகின்றது. இவ்வொப்புமை நமக்குப் பெரிதும் பயன்படும். எனினும், இக்கொள்கையின் வழிச் செல்வோர் பாணனையும் புலவனையும் ஒருவனாகவே கொண்டு, கள் வரும் இடங்களையெல்லாம் ஒரே தட்டில் இட்டுவிடுகின்றனர். 1975 இல் வெளிவந்த தம் நூலில் ஜார்ஜ் ஹார்ட், உயர்நிலைப் புலவர் தாழ்நிலைப் பாணர்தம் வாய்மொழிப் பாடலைப் பின்பற்றிப் பாடினர் என்று இருவரையும் வேறுபடுத்தினார். அவ்வேறுபாட்டைக் கள் பற்றிய சான்றுகளில் செலுத்திப் பார்த்தல் இன்னும் செய்யத்தக்கதாகவே உள்ளது.

இரு கொள்கைகளும் முரண்பட்டனபோலத் தோன்றினும் ஒரு குற்றத்தில் ஒன்றுபடுகின்றன. கள் என்ற சொல் வருமிடமெல்லாம் ஒரே வகைச் சான்று என்பது இரண்டற்கும் அடிப்படை. முதற் கொள்கையினர் அனைத்தையும் பாணர் தலையில் ஏற்றினர். இரண்டாம் கொள்கையினர் அனைத்தையும் பாடுவோர் அனைவர்க்கும் பொதுவாக்கினர்.

கள்ளின் இயல்பு

இன்சாறு என்னும் அமைதியை முதற்கண் விலக்கிவிடலாம். கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, அரியல், பிழி எனப் பல பெயர் வழங்குதலே இத்தொழில் விரிவாக வளர்ந்திருந்ததைக் காட்டும். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்து, அரிசிக் களியைத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளையை இடித்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்துப் பிழியும் முறை வரிசையாகச் சொல்லப்படுகின்றது. இது புளிக்கவைத்து வடிக்கும் தொழில் என்பதில் ஐயமில்லை. மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்தலை மலைபடுகடாமும், மண்ணிற் புதைத்து முதிரவைத்தலைப் புறம் 120 உம் கூறுகின்றன. அதன் கடுப்புக்குத் தேளின் கொட்டும் பாம்பின் சீற்றமும் உவமைகளாக வருகின்றன. சாற்றுக்கு இவ்வுவமைகள் பொருந்தா.

அதே பெரும்பாணாற்றுப்படை, அடுத்து அந்தணர் உறையுளைக் கூறும்போது சோறும் மாதுளங்காயும் மாவடுவும் அமைந்த விருந்தைக் கூறுகின்றதேயன்றிக் கள்ளைக் கூறவில்லை. ஆகவே, கள் எல்லா மனைக்கும் பொது என்று கொள்ளுதலும் பொருந்தாது. குடிக்குக் குடி வேறுபாடு இருந்தமையைப் புலவரே நுணுகி நோக்கிப் பதிந்துள்ளனர்.

'மகிழ்' என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. இன்று உவகையை மட்டும் குறிக்கும் இச்சொல் பழம் பாடல்களில் கள்ளையும் கள்ளால் வரும் களிப்பையும் குறித்தது. வேந்தன் காலையில் வீற்றிருந்து பரிசிலரைக் காணும் ஓலக்கத்திற்கு 'நாண்மகிழிருக்கை' என்பது பெயர். நலங்கிள்ளியைப் பாடும் புறம் 29 இல், பாணர் சூழ அமைக என வாழ்த்தப்படுவதும் இவ்விருக்கையே. புலவன் தன் பாடலை அரங்கேற்றும் இடத்தின் பெயரிலேயே கள் கலந்துள்ளது என்பதை மறைத்தற்கியலாது.

மூவகை வாய்மொழி

இனி, புறநானூற்றில் கள் வருமிடங்களைக் கூறுவோர் நோக்கிப் பகுத்துக் காண்போம். துறைக் குறிப்புகள் தொகுத்தோர் காலத்தன ஆதலின் அவற்றை மட்டும் நம்பாது, பாடலின் அகச்சான்றையும் உடன்கொண்டு பகுத்தல் வேண்டும். அவ்வாறு பகுத்தால் மூன்று வகைகள் தெளிவாகப் பிரிகின்றன.

முதலாவது, வாழ்த்து. பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடியது 24 ஆம் பாடல். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடியது 56 ஆம் பாடல். மூவேந்தரும் ஒருங்கிருந்தாரைக் கண்டு ஔவையார் பாடியது 367 ஆம் பாடல். பாடினோர் மூவர், பாடப்பெற்றோரும் வேறு வேறு. ஆயினும் அணியணிந்த மகளிர், பொற்கலம், தேறல், அதனை உண்டு இனிது வாழ்க என்னும் முடிபு ஆகிய நான்கும் மூன்றிலும் நிற்கின்றன. இது வாய்பாடு. வாய்பாடுகள் மரபுவழி வருவன என்று கைலாசபதி கூறியது இவ்விடத்தில் முற்றும் பொருந்தும். ஆனால் இங்கே உண்பவன் வேந்தன்; புலவன் அல்லன். புலவனது குடிக்கு இப்பாடல்கள் சான்றாகா.

நக்கீரனார் அவ்வாய்பாட்டினுள் யவனர் கொணர்ந்த தேறல் என்னும் புதுச்செய்தியைப் புகுத்தினார். அது யவனர்தம் நல்ல கலத்தில் வந்தது என்பதில் வரும் 'கலம்' என்பதற்கு மரக்கலம் எனவும் கொள்கலம் எனவும் பொருள் கொள்ளலாம். 1945 இல் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு இருகைச் சாடிகளின் உடைவுகள் வெளிப்பட்டமை கொள்கலம் என்னும் பொருளுக்கு வலிமை தருகின்றது. மரபான வாய்பாடாயினும் புலவன் தன் காலத்து வாணிகத்தைக் கண்டே பாடினான் என்பது இதனாற் போதரும்.

இரண்டாவது, பாணர் பொருநர் கூற்று. ஆற்றுப்படைகளும் புறநானூற்றின் இறுதிப் பகுதியில் அமைந்த கடைநிலைப் பாடல்களும் இவ்வகையின. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய 392 ஆம் பாடலில், விடியலில் தடாரி கொட்டி நின்ற பொருநனுக்குப் பாசி வேர்போன்ற கந்தலைக் களைந்து நுண்ணிய ஆடை உடுத்து, தேள் கடுத்தாற்போன்ற பழந்தேறலைக் கோள்மீன் போன்ற பொற்கலத்தில் ஊட்டினான் எனப்படுகின்றது. கந்தல் களைதலும், புத்தாடை அளித்தலும், தேறல் ஊட்டலும் பொருநராற்றுப்படையிலும் வருகின்றன. கலத்தின் ஒளியும் கள்ளின் கடுப்பும் விரித்துரைக்கப்படுதல் இவ்வகையின் இலக்கணம்.

மூன்றாவது, புலவர் தம் கூற்று. இதுவே நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையானது. பாடல்கள் சிலவேயாயினும் அவற்றின் இயல்பு முன்னிரண்டினின்றும் வேறுபட்டது.

ஔவையாரின் இருபாடல்கள்

392 ஆம் பாடலைப் பொருநன் வாய்மொழியாகப் பாடிய ஔவையாரே, அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது 235 ஆம் பாடலைத் தம் வாய்மொழியாகப் பாடினார். ஒருவரே இருநிலையில் நின்று பாடியமையால் இவ்விரு பாடல்களும் நமக்கு உரைகல்லாகின்றன. கையறுநிலைப் பாடலில் கள்ளின் கடுப்பு இல்லை, நிறம் இல்லை, பொற்கலம் இல்லை, ஏந்தும் மகளிரும் இல்லை. கூறப்படுவது அளவும் பங்கீடும் மட்டுமே. கள் சிறிதாகக் கிடைத்தால் தான் உண்ணாது எமக்கே கொடுப்பான். மிகுதியாகக் கிடைத்தால் யாம் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். இவ்வாறே பழையவுரை பொருள் விரிக்கின்றது. குறைவுற்றபோது யார் முதலில் பெறுவர் என்பதே இங்கு நட்பின் அளவை.

'எமக்கு' என்றது உடன்வந்த பாணரை என்று கொள்வாரும் உளர். கையறுநிலை பாடுவோர் தம் இழப்பைத் தாமே கூறும் துறை. அங்கே பிறர்மேல் ஏற்றிக் கூறுதற்கு இடமில்லை. அன்றியும் அப்பாடலின் பிற்பகுதியே இவ்வையத்தைத் தீர்க்கின்றது. அஞ்சியின் மார்பில் தைத்த வேல் பாணருடைய உண்கலத்தைத் துளைத்தது, இரப்போர் கையைத் துளைத்தது, நுண்ணிய ஆராய்ச்சியுடைய புலவர் நாவிற் சென்று வீழ்ந்தது என்கின்றார். பாணர்க்குக் கலம், புலவர்க்கு நா. தம் காலத்துப் பாடுநர் கூட்டத்தின் உட்பிரிவை இதனினும் தெளிவாக எவரும் கூறவியலாது. பாணனும் புலவனும் ஒருவனே என்னும் கொள்கைக்கும், கள் பாணர்க்கு மட்டுமே உரியது என்னும் கொள்கைக்கும் இவ்வொரு பாடலே விடையாகின்றது. பிரிவு உண்டு, ஆயினும் அஞ்சியின் கள்ளைப் பெற்ற 'எம்'முள் ஔவையாரும் உளர்.

இதனோடு 232 ஆம் பாடலையும் வைத்து நோக்குதல் வேண்டும். நடுகல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறிய கலத்தில் உகுக்கின்றனர். மலையுடை நாட்டைக் கொடுப்பினும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்று ஔவையார் வினவுகின்றார். சிறிது கள் கிடைத்தபோது பிறர்க்கு ஈந்தவன், இப்போது சிறுகலத்துக் கள்ளைப் பெறுபவனாக நிற்கின்றான். கொடுத்தவன் கொள்பவனாக மாறியதே இங்கு அவலம். கள்ளை நாணத்தக்க பொருளாகக் கருதி இப்பாடல்களை விரைந்து கடந்துசெல்லும் ஆசிரியர், இவ்வவலத்தையும் மாணவர்க்குக் காட்டாதே கடந்துவிடுகின்றார்.

கபிலரின் நடுநிலை

கபிலர் தம்மை அந்தணன் என்று 200 ஆம் பாடலில் தாமே கூறுகின்றார். பறம்பை நீங்கும்போது பாடிய 113 ஆம் பாடலில், மட்டுச் சாடி வாய்திறக்கப்பட்டதையும், ஆட்டுக்கிடாய் வீழ்த்தப்பட்டதையும், கொழுந்துவையும் சோறும் வேண்டியாங்கு அளிக்கப்பட்டதையும் நினைவுகூர்கின்றார். இதனால் அவர் கள்ளுண்டார் என்றோ உண்டிலர் என்றோ துணிதல் ஒல்லாது. பாடல் கூறுவது, அவ்வளத்தோடு பறம்பு எம்மோடு நட்புச் செய்தது என்பதே. 120 ஆம் பாடலிலும் மண்ணிற் புதைத்து முதிர்ந்த தேறல் புல்வேய்ந்த குடிசைதோறும் வழங்கப்பட்டதைக் கூறுகின்றார். அரசனது பொற்கலத்தை விடுத்துக் குடிசைதோறும் சென்ற பங்கீடே அவர் கண்ணிற் பட்டது. ஔவையாரின் தற்கூற்றிற் கண்ட இலக்கணம் இங்கும் பொருந்துதல் காண்க.

இவை எல்லாவற்றினும் சிறந்தது மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய 123 ஆம் பாடல். காலையில் கள்ளுண்டு மகிழ்ந்த ஓலக்கத்தில் தேர் வழங்குதல் எவர்க்கும் எளிது. மலையமானோ கள்ளுண்டு மகிழாதபோதும் வழங்கும் தேர்கள் முள்ளூர் மலையில் வீழ்ந்த மழைத்துளியினும் பல என்கின்றார் கபிலர். இதன் ஆழ்ந்த பொருளை நாம் கருதுதல் வேண்டும். நாண்மகிழிருக்கையில் பரிசில் பெற்று வாழும் கூட்டத்தில் ஒருவராக நின்றுகொண்டே, அவ்விருக்கையிற் பிறக்கும் கொடைக்கு மதிப்புக் குறைவு என்று தீர்ப்புக் கூறுகின்றார். மயக்கத்தில் கொடுத்தது கொடையன்று. தெளிவிற் கொடுத்ததே கொடை. கள்ளைப் பழித்திலர்; கள்ளின் வழிப்பட்ட புகழைப் பழித்தார். புரவலனது விருந்தை ஏற்கும் புலவனுக்குப் புரவலனை அளக்கும் உரிமை எஞ்சுமா என்னும் கடினமான வினாவுக்கு, எஞ்சும் என்று இப்பாடல் விடையிறுக்கின்றது.

கடனாகும் கள்

அவ்வுரிமை எல்லார்க்கும் எஞ்சியதில்லை என்பதும் புறநானூற்றிலேயே காணப்படும். 290 ஆம் பாடலில் ஔவையார் வேந்தனை நோக்கி, கள்ளை முதலில் இவனுக்கு ஈந்து பின்னர் நீ உண்க என்கின்றார். காரணமும் கூறுகின்றார். இவன் பாட்டன் உன் பாட்டன்மேல் வந்த வேல்களை, ஆரக்கால்கள் பாய்ந்த குறடுபோலத் தாங்கி மாய்ந்தான். இவனும் மழைக்குப் பிடித்த ஓலைபோல நின்மேல் வரும் வேலை மறைப்பான். 286 ஆம் பாடலில், பலர்க்கு மேலாகத் தன் மகனுக்கு நீட்டப்பட்ட கள் மண்டையையும் அவனுக்குரிய பாடையையும் வெள்ளாடையையும் ஒரே தொடரில் வைத்து ஒரு தாய் பேசுகின்றாள். கொடோடின் கூறும் தேன்மதுவின் விலை இங்கே நேராகப் பொருந்துகின்றது.

மறவனுக்கும் புலவனுக்கும் முதற் கிண்ணம் நீட்டப்பட்டது. ஆனால் மறவனிடம் அது உயிரைக் கேட்டது. புலவனிடம் பாட்டைக் கேட்டது. இரண்டையும் 'வீரயுகக் குடி' என்னும் ஒரே தலைப்பில் அடக்குவோர் இவ்வேறுபாட்டை இழக்கின்றனர். தொல்காப்பியம் 'உண்டாட்டு' என்னும் துறையை வெட்சித்திணையில் வைத்து, நிரைகவர்ந்த மறவர் குடியைத் தனியே வகுத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கள் விலைப்பொருளாகவும் இருந்தது. பட்டினப்பாலை கள் விற்கும் இடத்துக் கொடியைக் கூறுகின்றது. 316 ஆம் பாடலைப் பாடியவர் மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார். கூலவாணிகரும் அறுவைவாணிகரும் பொன்வாணிகரும் கொல்லரும் தம் தொழிற்பெயரோடு இடம்பெற்ற புலவர் கூட்டத்தில் கள்ளுக்கடைப் பெயர் பெற்ற ஒருவரும் உளர். அப்பெயரை மாற்றவோ மறைக்கவோ தொகுத்தோர் முற்படவில்லை. அவர் பாடலில் வரும் தலைவன் நேற்று வந்த விருந்தினர்க்காகத் தன் பழவாளைப் பணையம் வைத்தவன். அடுத்து வரும் சீறியாழைப் பற்றி, அதுவும் அடகுவைக்கப்பட்டது எனவும், தன் சொல்லுக்கு ஈடாகப் பாடுவோன் வைப்பது எனவும் இருவகையாகப் பொருள் கொள்ளலாம். எவ்வாறாயினும், கள் மணக்கும் அச்சிறுமுற்றத்தில் வாளும் யாழும் பணையச் சொல்லோடு நெருங்கி நிற்றல் கருதத்தக்கது. ஈகையின் ஒளிக்குப் பின்னால் வறுமையின் நிழலையும் புலவர் கண்டனர்.

சான்றோர் என்னும் சொல்

சங்கச் செய்யுளைப் பிற்கால உரையாசிரியர் 'சான்றோர் செய்யுள்' என்று வழங்கினர். புறநானூற்றில் அச்சொல் பலபொருள் தருவது. மகனைச் சான்றோனாக்குதல் தந்தை கடன் எனப் பொன்முடியார் கூறும் 312 ஆம் பாடலில் அது மறவனைச் சுட்டும். பிசிராந்தையாரின் 191 ஆம் பாடலில் அடக்கமுடைய பெரியோரைச் சுட்டும். திருக்குறளில் இரண்டாம் பொருளே நிலைபெற்றது. கள்ளுண்ணாமை என்னும் 93 ஆம் அதிகாரத்தில் 922, 923 ஆகிய இரு குறட்பாக்களிலும் சான்றோர், களிப்பவனை நோக்கும் கண்களாக நிறுத்தப்படுகின்றனர். கள்ளைப் பகிர்ந்துண்ட அவையில் இருந்தோர்க்குரிய பெயர், கள்ளுண்பார் முன்னிற்க நாணத்தக்கோர் பெயராயிற்று.

இம்மாற்றத்தைச் சமண பௌத்த ஒழுக்கங்களின் விளைவு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. வள்ளுவர் எக்கள்ளைக் கடிந்தார் என்று நோக்குதல் வேண்டும். 925 ஆம் குறள் பொருள் கொடுத்து அறியாமையைக் கொள்ளுதலைக் கூறுகின்றது. 927, 928 ஆகியன மறைந்துண்ணலையும் அது ஊரார்க்கு வெளிப்படுதலையும் கூறுகின்றன. அதிகாரம் நிற்கும் இடமோ பொருட்பாலில் வரைவின்மகளிர்க்கும் சூதுக்கும் நடுவே. ஆகவே அங்குப் பேசப்படும் கள் விலைக்கு வாங்கப்படுவது, ஒளித்துண்ணப்படுவது, பொருளை அழிப்பது. அஞ்சியின் கள்ளோ கொடுக்கப்பட்டது, அவையில் உண்ணப்பட்டது, பங்கிடப்பட்டது. பொருள் ஒன்றே, அதனைச் சூழ்ந்த உறவு வேறு. 235 ஆம் பாடலையும் 925 ஆம் குறளையும் எதிரெதிர் நிறுத்தி எது தமிழர் அறம் என்று வழக்காடுவோர், இரு வேறு உறவுகளை ஒன்றெனக் கொண்டு வழக்காடுகின்றனர்.

இதனையும் எல்லைமீறிக் கூறலாகாது. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில், நாகர் தலைவன் சாதுவனுக்குக் கள்ளை விருந்தாகவே அளிக்கின்றான். அது விலைக்கள் அன்று, கொடைக்கள். அதனையும் சாதுவன் மறுக்கின்றான். மறுப்பைக் கேட்டு நாகன் வியக்கின்றான். அங்கே உறவு மாறினும் விலக்கு மாறவில்லை. எனவே பங்கிட்ட கள், விலைக்கள், எவ்வாற்றானும் விலக்கிய கள் என மூன்று நிலைகளை நாம் வகுத்தல் வேண்டும். இவை கால வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்று கூறமாட்டோம். பட்டினப்பாலையும் புறம் 316 உம் விலைக்கள் முன்பே இருந்தமையைக் காட்டுகின்றன. எந்நிலை அறிவோர் கூட்டத்தின் இலக்கணமாக ஏற்கப்பட்டது என்பதிலேயே மாற்றம் நிகழ்ந்தது.

சான்று நோக்குவார்க்கு வள்ளுவரிடமிருந்தே மற்றொரு பாடமும் கிடைக்கின்றது. கள்ளைக் கடிந்த அவரே காமத்துப்பாலில் 1090, 1145, 1201, 1288 ஆகிய குறட்பாக்களில் கள்ளின் களிப்பைக் காமத்துக்கு ஒப்பாகவும் உறழ்வாகவும் எடுத்தாள்கின்றார். இவற்றைக் கொண்டு வள்ளுவர் கள்ளுண்டார் என எவரும் கூறார். கள்ளை நுட்பமாகக் கூறுதல் கள்ளுண்டமைக்குச் சான்றாகாது என்னும் இந்நெறியைக் குறளுக்கு மட்டும் வழங்கி, ஆற்றுப்படைப் புலவர்க்கு மறுத்தல் முறையன்று. அவ்வாறே, ஔவையார் தம் வாயால் 'எமக்கு' என்றதைக் கேளாதார்போல் இருத்தலும் முறையன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். புறநானூற்றில் கள் வருமிடங்கள் வாழ்த்து, பாணர் பொருநர் கூற்று, புலவர் தற்கூற்று என மூவகைப்படும். முதலிரண்டும் மரபு வாய்பாடுகளால் அமைந்தவை. புலவரது வாழ்க்கைக்கு நேர்ச்சான்றாகா. மூன்றாவதில் கலமும் கடுப்பும் மறைய, பங்கீடும் நட்பும் முன்னிற்கின்றன. இவ்வேறுபாட்டை நாம் காட்டியது சில பாடல்களைக் கொண்டே. பதிற்றுப்பத்திலும் அகத்தொகைகளிலும் இதனைச் செலுத்திப் பார்த்து, பொருந்துமாயின் உறுதி செய்தலும் பொருந்தாதாயின் திருத்துதலும் இளம் ஆராய்ச்சியாளர் கடமை.

கற்றோர் கூட்டத்தின் குடியை ஆராயும் கற்றோர் இரு மயக்கங்களினின்றும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். முன்னோர் பெருமை கெடுமே என்று சான்றை மறைத்தல் ஒரு மயக்கம். முன்னோரும் நம்மைப்போன்றவரே என்று சான்றை மிகுத்து மகிழ்தல் மற்றொரு மயக்கம். எவ்வளவு உண்டனர் என்று எண்ணுவதினும், யார் கொடுத்தார், குறைந்தபோது யார் முதலிற் பெற்றார், பெற்றவர்மேல் என்ன கடன் ஏறியது, பெற்றபின்னும் அவர் நா நடுநிலையில் நின்றதா என்று வினவுதலே தக்கது. நாண்மகிழிருக்கையில் அமர்ந்திருந்தும் அவ்விருக்கையின் கொடையை எடைபோட்ட கபிலர், அவ்வினாக்களுக்கு ஆராய்ச்சியாளர் அஞ்சவேண்டியதில்லை என்பதைக் காட்டிச் சென்றுள்ளார்.